நாலு டிஸ்கும் ஒரு தொண்டையும்

அந்த வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கைபேசியை அணைத்துவிட வேண்டும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை குக்கர் வைக்கக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது, மின்விசிறி சுற்றக் கூடாது. அழைப்பு மணியின் கம்பியை எப்போதோ பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். பார்வையற்றவர்களுக்கான நூலகம் ஒன்றுக்காகப் பதினோரு வருடமாகப் புத்தகங்களை உரக்க வாசித்துப் பதிவு செய்த வீடு அது. கணவர் வாசிப்பார். மனைவி அதை வெட்டி ஒட்டிச் சுத்தம் செய்வார். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தி ஓய்ந்துபோன நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்துகொண்டு, சுத்தம் செய்த பதிவைப் புத்தகத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பேன். அந்த அம்மா என்னைப் 'பிழை சார்' என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அதில் வருத்தமில்லை. என் மனைவி இருந்தவரை இதைவிட மோசமாகக் கூப்பிட்டிருக்கிறாள்.

வாசிக்கிற அறை முன்பு தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்த அறை. நாலு சுவரிலும் பழைய மெத்தைகளை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். வெயில் காலத்தில் அவர் பனியனோடு, தோளில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போவார். வெளியே வரும்போது துண்டு காய்ந்திருக்கும், பனியன் ஈரமாகியிருக்கும். கதவில் பதித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அந்த அம்மா ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார். மூன்றாம் ஆளுக்கு அந்நேரம் அங்கே வேலையில்லை. எனக்கு வருவது கடைசிச் சரக்கு மட்டும்தான். மூச்சு வாங்குவதுகூடத் தெரியாத, துடைத்து வைத்த சரக்கு.

"பதினோரு வருஷத்துல இவரு ஒரு தடவ தும்மினத எவனாவது கேட்டிருக்கானா, சொல்லுங்க பிழை சார்" என்பார் அந்த அம்மா.

கேட்டதில்லை. அது உண்மை. அந்த அம்மா வெட்டியதைத் தூர எறியவும் மாட்டார். மடிக்கணினியிலேயே 'குப்பை' என்று பெயர் வைத்து, தேதிவாரியாகப் போட்டு வைப்பார். அவசரத்தில் நல்ல வார்த்தை ஒன்றைச் சேர்த்து வெட்டிவிட்டால் திரும்ப எடுத்து ஒட்ட வேண்டுமே என்ற பயம். சுத்தமான பதிவுகள் மட்டும் சமையலறையை ஒட்டிய மர அலமாரியில் இருந்த சர்வருக்குப் போகும், மடிக்கணினியில் தங்காது.

அந்த சர்வரை வைத்து நாலு வருடத்துக்கு முன் நடந்த சண்டையை நான் நேரில் பார்த்தேன். சண்டைக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் வாசிப்பவரின் தம்பி. பெரிய அலுவலகம் ஒன்றின் சர்வர் அறையில் வேலை. இன்னொருவர் அந்த அம்மாவின் தம்பி. கல்லூரிக் கணினி மையத்தில் லினக்ஸ் இயங்குதளத்தைப் பார்த்துக்கொள்பவர். மாமன் மச்சான் முறை என்பதால் மச்சான், மாப்ள என்று அழகாகக் கூப்பிட்டுக்கொண்டே ஒருவரையொருவர் குத்துவார்கள். நாலு டிஸ்கைச் சேர்த்துக் கட்டுவது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஒரு டிஸ்க் செத்தாலும் மிச்சம் மூன்றை வைத்து அதில் இருந்ததைத் திரும்ப எழுதிவிடலாம். அதற்குப் பெயர் ரெய்டு. அதை யார் கட்டுவது என்பதில்தான் வம்பு.

"அண்ணி, இதுக்குன்னே தனி கார்டு இருக்கு. அதுக்குத் தனி மூளை, தனி பேட்டரி. கரண்ட் போனாக்கூடப் பாதி எழுதினத மறக்காது. லினக்ஸுக்கு உள்ள நாலு டிஸ்க் இருக்கறதே தெரியாது. ஒரே டிஸ்க்னு நெனச்சுகிட்டு நிம்மதியா ஓடும்."

"ஏன்க்கா, அந்த மூளை செத்துச்சுன்னா அதே மூளைக்கு எங்க போய் நிப்ப? லினக்ஸே கட்டிக்கும்க்கா. நாளைக்குப் பொட்டி எரிஞ்சே போகட்டும். நாலு டிஸ்கையும் பிடுங்கி வேற எந்த லினக்ஸ் பொட்டில சொருகினாலும் எந்திரிச்சு உக்காந்துரும்."

"காலேஜ் பசங்க பாடத்துக்கு அது போதும் மச்சான். இது வேலை."

"உங்க ஆபீஸ்ல கார்டு செத்தா மறுநாளே அதே கார்டு வந்து நிக்கும் மாப்ள. இந்த வீட்டுக்கு யாரு கொண்டாந்து தருவா?"

வாசிப்பவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "என் தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். கார்டு வந்தது. லினக்ஸ்காரத் தம்பி அந்த ஒரு வாக்கியத்தை நாலு வருடமாக வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. "இன்னொரு காப்பி எங்கயாவது வச்சுக்கலாமே" என்று அப்போது நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "அதான் நாலு இருக்கே சார்" என்று எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்து வைத்தேன்.

போன வருடக் கடைசியில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு விடவே இல்லை. கஷாயம், ஆவி, மாத்திரை எல்லாம் ஆன பிறகு பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். துணைக்கு நானும் போனேன்.

"எத்தன நாளா இப்படி இருக்கு?" என்று மருத்துவர் கேட்டார்.

"மூணு மாசமா இருக்கும்" என்றார் அந்த அம்மா. அவரும் தலையாட்டினார்.

மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மூணு மாசக் கதை மாதிரி தெரியலையே. ஒன்றரை, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா கதிர்வீச்சு வச்சே பாத்திருக்கலாம். குரல் தங்கியிருக்கும். இப்ப குரல்வளையையே எடுத்தாகணும்."

திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது அந்த அம்மா, "மூணு மாசந்தானே பிழை சார்? நீங்கதான் தெனமும் கேக்கறீங்களே, முன்னாடி எதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அதையே சொன்னேன்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். இருக்கிற குரலைப் பதிந்து வைத்தால் அதிலிருந்தே ஒரு குரல் செய்யலாம், பிறகு கைபேசியில் அவர் எதை எழுதினாலும் அவர் குரலிலேயே அது பேசும் என்றாள். ஆனால் அசல் பதிவு வேண்டும். நூலகத்தில் இருப்பவை சுருக்கிய பிரதிகள், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும், அவை உதவாது. வீட்டிலிருக்கும் பழைய அசல்களோடு புதிதாகச் சில மணி நேரம் அன்றாடப் பேச்சையும் பதிந்து கொடுங்கள் என்றாள்.

அறுவைக்கு முன் ஆறு வாரம் இருந்தது. நாற்பது மணி நேரம் பதிந்தார், அதுவும் சர்வருக்குத்தான் போனது. "கதவச் சாத்து." "பசிக்குது." "யாரு வந்திருக்கா?" "மழை வரும்போல இருக்கே, துணிய எடு." குரல் தடித்து, இழுத்துக்கொண்டு வந்தது. பாதி வாக்கியத்தில் நின்று தண்ணீர் குடிப்பார். ஒருநாள் சர்வரின் காற்றாடிச் சத்தம் பதிவில் இரைச்சலாக விழுகிறது என்று அந்த அம்மா சொன்னார். அவரே எழுந்து போய், அலமாரிக் கதவின் இடுக்கிலெல்லாம் கம்பளியைச் செருகி, கதவை இறுக்கிச் சாத்தினார். சத்தம் சுத்தமாக நின்றது. இந்த வீட்டில் சத்தம் நின்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கம்பளியை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அறுவை முடிந்து வீடு திரும்பினார். கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் மெல்லிய துணி. மூச்சு அதன் வழியாகத்தான். கஞ்சியை மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, ஆற வைத்துக் கொடுப்பார்கள். மடியில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை. காலை ஒன்பது மணிக்குக் குக்கர் விசிலடித்தது. மின்விசிறி கடகடத்தது. அந்தச் சத்தத்தை யாராலும் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் பதிவுகளைத் தர வேண்டும், தவறினால் அடுத்த முறை ஐந்து மாதம் கழித்துத்தான் என்று பயிற்சிப் பெண் சொல்லியிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை அலமாரிக்குள்ளிருந்து விடாமல் ஒரு கீச்சொலி வந்தது. அந்த அம்மா கம்பளியைப் பிடுங்கிக் கதவைத் திறந்தார். அடுப்பைத் திறந்தது போல் அனல் அடித்தது. டிஸ்குகள் நாலும் நன்றாகத்தான் இருந்தன. கார்டு கருகியிருந்தது.

இரண்டு தம்பிகளும் வந்தார்கள். கார்டுத் தம்பி எங்கெங்கோ அலைந்து வியாழக்கிழமை காலை பழைய கார்டு ஒன்றை வாங்கி வந்தார். அதே கம்பெனி, ஆனால் முந்தைய மாடல். மாட்டிப் பார்த்துவிட்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாலும் வேற கார்டு கட்டின டிஸ்க்னு காட்டுது, அண்ணி. உள்ள எடுத்துக்கன்னா எடுத்துக்க மாட்டேங்குது. பழைய கார்டு எழுதினத இதுக்குப் படிக்கத் தெரியல."

"அப்ப என்ன பண்றது?"

"அதே மாடல் வேணும். சொல்லி வச்சிருக்கேன். பத்து நாள் ஆகும்."

வெள்ளைப் பலகையில் எழுதும் சத்தம் கேட்டது. 'நாளைக்கு வெள்ளி.' அதற்குக் கீழே, 'அஞ்சு மாசம் என்னால முடியாது.' இரண்டாவது வரியின் கீழ் இரண்டு முறை கோடு போட்டிருந்தார்.

லினக்ஸ்காரத் தம்பி அதுவரை சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். "அன்னிக்கே தலைபாடா அடிச்சுகிட்டேன். கேட்டீங்களா? கடைசில உங்க கார்டு கழுத்தறுத்துடுச்சு பாருங்க மாப்ள" என்றார்.

சொன்ன பிறகுதான் எந்த வீட்டில் நின்று சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. வாசிப்பவர் கழுத்துத் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று கையை ஆட்டினார். கார்டுத் தம்பியின் முகம் மட்டும் சுண்டிப்போயிற்று.

"அக்கா, ஒரு வழி இருக்கு" என்று குரலை இறக்கினார் லினக்ஸ்காரர். "லினக்ஸ்ல இந்த மாதிரி மாட்டிகிட்டா, அதே வரிசைல, அதே அளவுல டிஸ்க திரும்பப் புதுசா கட்டுவோம். புத்தகத்துக்கு மேலட்டைய மட்டும் மாத்தற மாதிரிதான். உள்ள இருக்கற பக்கமெல்லாம் அப்படியே கிடக்கும். ரெண்டு தடவ இப்படிக் காப்பாத்தியிருக்கேன். இந்தக் கார்டுலயும் அதையே செய்யலாம். வரிசை தெரியும்ல? டிஸ்க் மேல நம்பர் எழுதியிருக்கு. அளவு, பழைய காகிதத்துல குறிச்சு வச்சிருக்க."

அந்த அம்மா கொழுந்தனைப் பார்த்தார். "தம்பி, நீங்க சொல்லுங்க. செய்யலாமா?"

நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"நான் என்ன சொல்றது அண்ணி. கழுத்தறுத்தவன் நான். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. உங்க இஷ்டம்." சட்டையை உதறிக்கொண்டு எழுந்து, "டீ குடிச்சுட்டு வரேன்" என்று வெளியே போய்விட்டார். மழை தூறத் தொடங்கியிருந்தது.

"செய்டா" என்றார் அந்த அம்மா.

லினக்ஸ்காரர் நிதானமாகத்தான் செய்தார். நம்பரை இரண்டு முறை சரிபார்த்தார். என்னையும் வாசிக்கச் சொல்லி ஒப்பிட்டார். அதில் ஒரு பிழையும் இல்லை. கடைசியாகத் திரையில் ஏதோ கேட்டது. ஆம் என்று ஏற்கெனவே குறி விழுந்திருந்தது. விசையைத் தட்டினார். நாலு டிஸ்கிலும் பச்சை விளக்குகள் மினுக்கத் தொடங்கின.

"ஓடுது. நாலையும் ஒப்பிட்டுச் சரி பண்ணிக்குது. கட்டினதும் லினக்ஸ்லயும் இப்படித்தான் ஓடும், நல்லதுதான். முடிஞ்சதும் தொறந்து பாக்கலாம்க்கா. ரெண்டு மணி நேரம் ஆகும்."

அந்த வீட்டில் பல வாரங்களுக்குப் பிறகு ஒழுங்காகச் சமைத்தது அன்றுதான். சோறும் பருப்பும், உருளைக்கிழங்கு வறுவலும். எனக்கும் ஒரு தட்டு வந்தது. அவருக்குப் பருப்பையே அடித்துக் கொடுத்தார்கள். அவர் பலகையில், 'முதல்ல என்ன பேசுறது?' என்று எழுதிக் காட்டினார்.

"உப்பு கம்மின்னு சொல்லுங்க. பதினெட்டு வருஷமா அதத்தான சொல்றீங்க" என்றார் அந்த அம்மா. எல்லோரும் சிரித்தோம். அவர் சிரித்தபோது கழுத்துத் துணி மட்டும் படபடத்தது. சமையலறையிலிருந்து பச்சை விளக்குகள் தெரிந்தன. நான் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மூன்று மணிக்குக் கார்டுத் தம்பி தலை நனைந்து திரும்பி வந்தார். வாசலில் நின்றே அலமாரியைப் பார்த்தார்.

"லைட் ஏன் இப்படி நிக்காம எரியுது?"

"ஒப்பிட்டுகிட்டு இருக்கு" என்றார் லினக்ஸ்காரர்.

"எத்தன நேரமா?"

"நீங்க போனதுலேருந்து. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு முடிஞ்சாச்சு."

கார்டுத் தம்பி ஈரச் செருப்போடு உள்ளே ஓடினார். "கட்டும்போது கடைசியா ஒண்ணு கேட்டிருக்குமே. என்ன போட்டீங்க?"

"ஆமான்னு இருந்துச்சு. அப்படியே விட்டேன்."

அவர் மின்கம்பியைப் பிடுங்கினார். விளக்குகள் அணைந்தன. பிடுங்கிய கம்பியைக் கையில் வைத்துக்கொண்டே, "அது ஒப்பிடல மச்சான். புது டிஸ்க் கட்டறீங்கன்னு நெனச்சுகிட்டு மொதல்லேருந்து கடைசி வரைக்கும் பூஜ்யம் எழுதுது. இந்தக் கார்டு அப்படித்தான் பண்ணும். வேண்டாம்னு மாத்தியிருக்கணும்" என்றார்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா போனீங்க?"

"உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன். என்னைவிட ரெண்டு மடங்கு தெரியும்னுதான பேசினீங்க."

இரண்டு பேருக்கும் செம்மையாக நாலு சாத்து சாத்தலாம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சாத்தினால் மட்டும் என்ன வந்துவிடும்? லினக்ஸ்காரர் மறுபடி இயக்கி, கறுப்புத் திரையில் ஏதேதோ தட்டினார். பக்கம் பக்கமாகப் பூஜ்யம் ஓடியது. எங்கேயாவது வேறு எழுத்து வருமா என்று நான் பழக்கதோஷத்தில் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. அந்த அம்மா அழவில்லை. ஈரச் செருப்பு பதித்த சேற்றைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பயிற்சிப் பெண்ணே தொலைபேசியில் அழைத்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நாப்பது மணி நேரம் இல்லன்னா போகுது. சுருக்காத அசல் எதாவது இருக்கா? ஒரு மணி நேரம், அரை மணி நேரம்? துண்டு துண்டா இருந்தாலும் சாயங்காலத்துக்குள்ள குடுங்க, முயற்சி பண்ணிப் பாக்கலாம்" என்றாள்.

அந்த அம்மா ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டு, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"குப்பை இருக்கு பிழை சார்! குப்பைய நான் அழிக்கவே இல்ல. எல்லாம் அசல்தான். வெட்டும்போது முன்ன பின்ன ரெண்டு வார்த்த சேந்துதான் வரும். பொறுக்கினா ஒரு மணி நேரம் தேறாதா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். அந்த அம்மா போன வருடத்துக் கோப்பு ஒன்றைத் திறந்தார். தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது. பிறகு அவர் குரல், பழைய, உருண்ட, நல்ல குரல்: "ஏம்மா, இத வெட்டிடு."

அறுவைக்குப் பிறகு அந்த வீட்டில் முதன்முறையாக அவர் குரல் கேட்டது. அவர் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அடுத்தது. செருமல். "இத வெட்டிடு." அடுத்தது. செருமல், இன்னொரு செருமல், ஒரு மிடறு தண்ணீர், "சே, இதையும் வெட்டிடும்மா." ஒரே நாளில் பதினாறு. அந்த அம்மா வார்த்தை தேடிப் பின்னால், இன்னும் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். முந்தைய மாதம். அதற்கு முந்தையது. அதற்கு முந்தைய வருடம். எங்கே திறந்தாலும் செருமல். நடுநடுவே தும்மலும் நாற்காலிச் சத்தமும் வந்தன, ஆனால் பெரும்பாலும் செருமல்தான். நான் திரையின் ஓரத்தில் தேதியைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அந்த அம்மாவும் பார்த்துவிட்டார். விசைமேல் விரல் நின்றது. பிறகு வேகமாகப் பின்னோக்கித் தட்டத் தொடங்கினார். இப்போது அவர் தேடியது வார்த்தையை அல்ல. செருமல் இல்லாத ஒரு நாளை. அது இரண்டு வருடம் இரண்டு மாதத்துக்கு அப்பால்தான் இருந்தது. அந்த நாளின் குப்பையில் ஒரு நாய் குரைத்தது, தாள் புரண்டது, அவ்வளவுதான்.

"ரெண்டு வருஷம்" என்றார் அந்த அம்மா. "ரெண்டு வருஷமா தெனமும் காதுல மாட்டிகிட்டு நானே கேட்டு, நானே வெட்டியிருக்கேன். டாக்டர் கேட்டப்ப மூணு மாசம்னு சொன்னேனே."

நானும் இரண்டு வருடம் கேட்டவன்தான். எனக்குச் சுத்தமான சரக்கு மட்டும் வந்தது. அப்படிச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம்.

அவர் பலகையில் மெதுவாக எழுதித் திருப்பிக் காட்டினார். 'நான்தான வெட்டச் சொன்னேன்.'

அந்த அம்மா படித்தார். உள்ளங்கையால் அந்த எழுத்தைத் தேய்த்து அழித்தார். "சொன்னா? சொன்னா வெட்டிடறதா? ஒருநா, ஒரே ஒருநா, என்னங்க இத்தன தடவ செருமறீங்க, டாக்டர்ட்ட போலாமான்னு கேக்கத் துப்பில்ல எனக்கு. பெருமையடிச்சேனே, இவரு தும்மினத எவனாவது கேட்டிருக்கானான்னு." கை முழுக்கக் கறுப்பு மசி. அந்தக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

சாயங்காலத்துக்குள் பொறுக்கியதில் மொத்தம் பதினோரு நிமிடம் தேறியது. அதில் பாதிக்கு மேல் அந்த ஒரே வாக்கியம். பயிற்சிப் பெண் இதை வைத்துக் குரல் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டாள். இரண்டு தம்பிகளுக்கும் யாரும் தகவல் சொல்லவில்லை.

நான் மாடிக்குப் போகக் கிளம்பியபோது அவர் மனைவியின் கையைப் பிடித்து மடிக்கணினிப் பக்கம் நகர்த்தினார். 'போடு' என்று எழுதினார். அந்த அம்மா மாட்டேன் என்று தலையசைத்தார். அவர் அதையே மறுபடி பெரிதாக எழுதினார். அந்த அம்மா எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து, இரண்டு வருடம் இரண்டு மாதத்துக்கு முந்தைய முதல் செருமலிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டார். நான் படியில் உட்கார்ந்து, எதையும் வெட்டாமல், கடைசிவரைக்கும் கேட்டேன்.